சின்னக் காரின் வாலை வெட்டியவன்

நான் கட்டியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

பதினொரு பள்ளிக்கூட வேன்கள். நான்கு ஆம்புலன்ஸ், அதில் ஒன்று இன்னும் ஓடுகிறது. பட்டான்செரு பக்கம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை அடைத்துக்கொண்டு போகிற ஷேர் ஆட்டோக்களில் பாதிக்கு மேற்கூடு கட்டியது நான். ஒரு நடமாடும் இட்லிக் கடை. பக்கத்துக் கதவை இறக்கினால் அதுவே மேசையாகிவிடும். கல்யாண ஊர்வலத்துக்கென்று ஜீப்பின் மேல் ஒரு தகர மயில். கயிற்றை இழுத்தால் தோகை விரியும். ஒரு அமரர் ஊர்தி. நாச்சாரத்தில் ஒரு பட்டறை. அதை மட்டும் மூன்று முறை கட்டினேன். ஒரு முறை சாலை அகலப்படுத்த இடித்தார்கள், ஒரு முறை வெள்ளம், ஒரு முறை பக்கத்து ஷெட்டின் வெல்டிங்கிலிருந்து பறந்த தீப்பொறி. ஒரு வீடு, இரண்டு மாடி, மாடிப்படி உட்பட என் யோசனை.

இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவர். என்னையும் அங்கேயே சேர்க்கப் பார்த்தார். ஆள் எடுக்கும்போது ஒரு டிராயிங்கைக் கொடுத்து, இது என்ன சாமான் என்று கேட்டார்கள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "மீன்" என்றேன். அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து டிராயிங் இல்லாத வேலைதான். கண் பார்க்கும், கை வெட்டும். நான் கட்டிய ஒரு வேன்கூடக் கோணியதில்லை.

பாடி கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் பக்கங்கள் முதலாளிக்கு. பள்ளிக்கூடத்தின் பெயரோ, கடையின் பெயரோ, அவர் இஷ்டம். பின்பக்கத்தில் நம்பர் பலகைக்கு மேலே ஒரு சாண் இடம் கட்டியவனுக்கு. அங்கே அவன் பெயரும் ஊரும் இருக்கும். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. என் எல்லா வண்டியிலும் அந்த ஒரு சாணில் என் பெயர் இருக்கிறது. அமரர் ஊர்தியில்கூட இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லி என் மனைவி ஒரு மாதம் சண்டை போட்டாள். அழிக்கவில்லை.

ஒரே ஒரு வண்டியில் மட்டும் என் பெயர் வெளியே தெரியவில்லை. அது ஒரு சின்னக் கார். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கார் விஷயத்தில் பாதி எனக்கே இன்றுவரை விளங்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளங்காததை மறைத்து எழுதினால், விளங்கியதையும் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஹப்சிகுடாவில் ஒரு சார் இருக்கிறார். கும்பகோணம் பக்கத்துக்காரர். ராணுவத்துக்கு ஆராய்ச்சி செய்கிற இடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை சார் என்று கேட்டால், "காத்து" என்பார். அவ்வளவுதான் சொல்வார். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பேட்டரி வேலை அவருடைய நண்பருடையது. அவரும் ஓய்வு பெற்றவர்தான், பேசவே மாட்டார்.

பட்டான்செருவில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு முதலாளி இவர்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். மூன்று பேர் உட்கார்ந்து, ஹப்சிகுடாவிலிருந்து தன் கேட் வரை வந்து, நடுவில் சார்ஜ் போடாமல் வீடு திரும்பிக் காட்டுங்கள். இந்த மாதிரிக் கார்கள் செய்ய என் வளாகத்திலேயே இடம் தருகிறேன் என்று. இரண்டு முறை போய்ப் பார்த்தார்கள். இரண்டு முறையும் திரும்புகிற வழியில் ரிங் ரோட்டில் கார் நின்றுவிட்டது. இரண்டாம் முறை கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது நான் கூடு கட்டிய பள்ளிக்கூட வேன். வழி முழுக்க அதன் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்துக்கொண்டே வந்த சார், மறுநாள் காலை பட்டறை வாசலில் நின்றார்.

"மேஸ்திரி, பேட்டரியை இனிமே பெரிசு பண்ண முடியாது. வெயிட் ஏறிடும். பாடியைத்தான் மாத்தணும். காத்து ரொம்பப் பிடிச்சு இழுக்கறது."

"காத்துதானே சார்? கிழிச்சிக்கினு போற மாதிரி பண்ணிடலாம்."

"போயிட்டுத் திரும்பி வந்துடுத்துன்னா, உங்க பேரைப் பின்னாடி எவ்ளோ பெரிசா வேணாலும் போட்டுக்கோங்கோ."

இதைப் பெயிண்டர் பாயும் கேட்டார். பாய் என் பட்டறையில் முப்பது வருடமாகப் பெயிண்ட் அடிக்கிறவர், என் வயதுக்காரர், இந்த ஊரிலேயே பிறந்தவர். என்னோடு சேர்ந்து தமிழ் கற்றுக்கொண்டார். நடுநடுவே சொந்த உருதுப் பேச்சும் வந்து விழும். "ஹவ் சார், நான் சுனா, கேட்டேன்," என்று தலையாட்டினார். அவர்தான் சாட்சி.

காற்றைக் கிழிக்க என்ன வேண்டும்? கூர் வேண்டும். அம்புக்கு எங்கே கூர்? முன்னால். படகுக்கு? முன்னால். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சார் ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை. "சரி, செஞ்சு பாருங்கோ," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் தட்டி, காரின் முன்னால் அலுமினியத் தகட்டில் ஒரு மூக்கு வைத்தேன். கோழிக் குஞ்சைத் தூக்கப் போகிற பருந்து மாதிரி இருந்தது. தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சோதிக்க ஒரு வழியைச் சார் சொல்லியிருந்தார். ரிங் ரோட்டின் ஓரச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ காக்கை இருக்காது. அங்கே எப்போதும் ஒரே வேகத்தில் வந்து, குறித்து வைத்த ஒரு விளக்குக் கம்பத்தைத் தொட்டதும் மோட்டாரை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு கார் தானாக உருண்டு எங்கே போய் நிற்கிறதோ, அங்கே ஒரு செங்கல் வைக்க வேண்டும். காற்று குறைவாகப் பிடித்தால் செங்கல் தள்ளிப் போகும். மூக்கு இல்லாத காருக்கு முதலிலேயே வெள்ளையடித்த செங்கல் ஒன்று வைத்திருந்தோம்.

மூக்கு வைத்த கார் வெள்ளைச் செங்கல்லை எட்டவே இல்லை. நான்கு எட்டு முன்பாகவே நின்றுவிட்டது.

இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். மறுபடியும் அதே இடம். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டயரில் காற்று பார்த்தேன். பாய் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"கைக்கு உஸ்தாத், ஏன் இப்படி? மூக்கு பெரிசானா ஓட்டம் ஜாஸ்தி ஆகுமா? எங்க மாமாவுக்கு இதைவிடப் பெரிய மூக்கு. ஒரு நாள் ஓடிப் பார்த்ததில்ல."

சார் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "மேஸ்திரி, காருக்கு மூஞ்சி ஏற்கெனவே உருண்டைதான். காத்து அதுல வழுக்கிண்டு போயிடும். கூரா வெச்சா அந்த ஓரத்துல மாட்டிண்டு திணர்றது. வினை முன்னாடி இல்லை, பின்னாடி இருக்கு."

பின்னாடி எப்படி இருக்கும்? காற்று வந்து மோதுவது முன்னால். பின்னால் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடம் காரை எப்படிப் பிடிக்கும்? கேட்டேன். சார் பதில் சொன்னார். சொன்னபோது விளங்கியது போல இருந்தது. ஸ்கூட்டரை எடுத்து வீட்டு வாசலில் நிறுத்துவதற்குள் விளங்காமல் போய்விட்டது.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. மூக்கைக் கழற்றிவிட்டு, பட்டறையில் இருந்த எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கலர் காகித ரிப்பன்களை ஒட்டினோம். பாய் எங்கள் பூஜையில் ஒன்றும் செய்யமாட்டார், ரிப்பன் வேலை மட்டும் அவர் விடமாட்டார். அன்று ஒரு கட்டு மிச்சமாகிவிட்டது. வீணாக்குவானேன் என்று எல்லாவற்றையும் சின்னக் காரின் மேலேயே ஒட்டிவிட்டார். முன்பக்க மூடியில், கூரையில், கதவில், பின்கண்ணாடியில், எங்கும் சாண் நீளத் துண்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் கோழி இறகு பிடுங்கிப் போட்டது மாதிரி இருந்தது.

பூஜை முடிந்தால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்று போய்வர வேண்டும். சார் காரை எடுத்தார். நான் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். நாச்சாரம் தாண்டி, கொஞ்சம் வேகம் பிடிக்கிற இடத்தில், எனக்கு அந்தக் காட்சி கிடைத்தது.

முன்பக்க ரிப்பன்கள் எல்லாம் வாரிவிட்ட தலைமுடி மாதிரிப் படிந்து பின்னால் பார்த்துக் கிடந்தன. கூரையிலும் அப்படியே. கூரை முடிந்து கண்ணாடி செங்குத்தாக இறங்குகிற இடத்துக்கு வந்ததும் எல்லாம் கெட்டுவிட்டது. கண்ணாடி மேல் இருந்த ரிப்பன்கள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடின. பாதி மேல் நோக்கி ஏறின. கூரை ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு நீளமான மஞ்சள் ரிப்பன் இருக்கிறதே, அது திரும்பி வந்து, கார் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது.

கார் முன்னால் போகிறது. காற்று பின்னால் போக வேண்டும். ரிப்பன் ஏன் முன்னால் வருகிறது? நான் பார்த்துக்கொண்டே போய் ஒரு கீரை வண்டியில் இடிக்கப் பார்த்தேன். கீரைக்கார அம்மா தெலுங்கில் என் குடும்பத்தையே விசாரித்துவிட்டாள்.

பட்டறைக்கு வந்ததும் சாரை இழுத்து நிறுத்தினேன். "சார், பின்னாடி ரிப்பன் முன்னாடி வருது சார்."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "லேப்ல நாங்க நூல் ஒட்டிப் பாப்போம், மேஸ்திரி. இது எனக்குத் தோணவே இல்லை பாருங்கோ." பின்கண்ணாடியைத் தட்டினார். "காத்து கூரை வரைக்கும் ஒட்டிண்டு வரது. இங்க திடீர்னு பள்ளம். இறங்க முடியலை, விட்டுட்டுப் போயிடறது. விட்ட இடத்துல சுழல் உண்டாகி, பின்னாடி அழுத்தம் குறைஞ்சுடறது. வண்டி ஒரு காத்து மூட்டையைக் கட்டி இழுத்துண்டு போறது. பேட்டரி அதுக்குத்தான் செலவாறது."

இதை நான் குளியலறையில் சோதித்தேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, உள்ளங்கையை நிமிர்த்தி வைத்து இழுத்தேன். கைக்குப் பின்னால் ஒரு குழி விழுந்து, தண்ணீர் சுழன்று கையைத் துரத்திக்கொண்டே வந்தது. கையைத் தட்டையாக்கி இழுத்தால் ஒன்றும் இல்லை. மறுபடி நிமிர்த்தினேன், மறுபடி தட்டையாக்கினேன்.

"குளிக்கப் போன மனுசன் பக்கெட்ல இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" மனைவி வெளியிலிருந்து.

"பின்னாடி இழுக்குது."

"யாரு இழுக்குறாங்க? நான்தான் இழுத்தாகணும் போல. இட்லி ஆறிப்போச்சு, வாங்க."

சார் புதிதாக ஒரு படம் போட்டுக் கொண்டு வந்தார். கூரை முடிகிற இடத்திலிருந்து மெல்ல மெல்லச் சரிந்து, பக்கங்களும் மெல்ல ஒடுங்கி, கடைசியில் கூராக முடிகிற ஒரு நீண்ட வால். காற்று அதில் ஒட்டிக்கொண்டே இறங்கி, சத்தம் போடாமல் ஒன்றுசேர்ந்துவிடுமாம். எனக்கு அதைப் பார்த்ததும் அந்த ரயில்வே டிராயிங் ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் கழித்து மறுபடி அதே மீன்.

"மழைத்துளி மாதிரி இருக்கும் மேஸ்திரி. குண்டு முன்னாடி, கூர் பின்னாடி."

"மழைத்துளி அப்படித்தான் விழுமா சார்?"

"இல்லை இல்லை, நிஜத்துல அப்படி விழாது. அடியில தட்டையா பன் மாதிரி இருக்கும்."

"அப்ப இன்னாத்துக்கு சார் துளின்னீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா."

அலுமினியச் சட்டம் அடித்து, தகடு வளைத்து, ரிவெட் அடித்து, பன்னிரண்டு நாளில் வாலை முடித்தேன். காரின் நீளத்தில் பாதி இருந்தது வால். ஞாயிற்றுக்கிழமை ஓரச் சாலையில் ஓட்டினோம். வெள்ளைச் செங்கல்லைத் தாண்டிக் கார் போனது, போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் பின்னால் ஓடினோம். மஞ்சள் செங்கல்லை வைக்கும்போது பாய் மூச்சு வாங்கிக்கொண்டு, "இவ்ளோ தூரம் நக்கோ உஸ்தாத், வயசாச்சு," என்றார். சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோதுதான் பாய் அதைக் கேட்டார். வாலைச் சுற்றி ஒரு முறை நடந்து, கடைசி நுனியைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உஸ்தாத், உங்க நாம், பேரு, எங்க எழுதறது? இந்த வண்டிக்குப் பின்பக்கமே இல்ல."

நான் அப்போதுதான் பார்த்தேன். உண்மை. வால் ஒடுங்கி ஒடுங்கி ஒரு நுனியில் முடிந்துவிட்டது. ஒரு சாண் இடம் வேண்டாம், ஒரு எழுத்துக்கு இடம் இல்லை. நம்பர் பலகையையே ஒரு கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். பக்கத்தில் எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். பக்கம் முதலாளியுடையது. நாற்பது வருடத்தில் நான் யாருடைய பக்கத்திலும் எழுதியதில்லை.

அன்று நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. எல்லா வண்டியிலும் என் பெயர் இருக்கிறது, நான் செய்ததிலேயே பெரிய வேலை இதுதான், இதில் இருக்காது. யோசித்துக்கொண்டே மறுநாள், புதிதாக ஒரு கட்டு ரிப்பன் வாங்கி வாலின் மேலும் ஒட்டினேன். சாருடைய பேட்டரி நண்பரை ஓட்டச் சொல்லி ஸ்கூட்டரில் பின்னால் போனேன். கூரையிலிருந்து வாலில் ஒரு கை நீளத்துக்கு ரிப்பன்கள் அழகாகப் படுத்திருந்தன. அதற்கப்புறம் லேசாக நடுங்கின. நுனியில் நன்றாகவே ஆடின. அப்படியானால் கடைசிப் பகுதியில் காற்று ஏற்கெனவே விட்டுவிட்டது. விட்ட காற்றுக்கு வால் எதற்கு? அப்படித்தான் நினைத்தேனா? இல்லை, அந்த நடுங்குகிற இடத்தில் வெட்டினால் தட்டையாக நல்ல அகலமான பலகை ஒன்று கிடைக்கும், எழுத்து ஆறு விரல் உயரம் வரும் என்று நினைத்தேனா? இரண்டும் ஒரே நேரத்தில் மண்டையில் இருந்தன. எது முன்னால் வந்தது என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சார் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தார். அவர் வருவதற்குள் தகடு அறுக்கிற கிரைண்டரை எடுத்து, ரிப்பன் நடுங்கத் தொடங்கிய கோட்டில் வாலை நறுக்கி, தட்டையாகத் தகடு வைத்து மூடிவிட்டேன். வாலில் பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. பாய் அந்தத் தட்டையில் மஞ்சள் எழுத்தில் என் பெயரையும் நாச்சாரம் என்பதையும் எழுதினார். நிழல் விட்டு எழுதினார். அப்படி அவர் எழுதி வெகுகாலம் ஆகிவிட்டது.

சார் வந்து பார்த்ததும் கீழே கிடந்த வால் துண்டிடம் ஓடினார். "என்ன மேஸ்திரி! என்ன இப்படிப் பண்ணிட்டேள்! பன்னெண்டு நாள் வேலை! அடுத்த வாரம் பட்டான்செரு போகணும்!"

"ஓட்டிப் பாப்போம் சார்."

"ஓட்டி என்ன பாக்கறது? இப்படி அறுத்து வெச்சா காத்து அங்கயே குதிக்கும்."

ஓட்டினோம். கார் வெள்ளைச் செங்கல்லைத் தாண்டியது. மஞ்சளுக்குப் பக்கத்தில் வந்தது. மஞ்சளுக்கு ஐந்து எட்டு இருக்கும்போது நின்றது. சிவப்புச் செங்கல்லை அங்கே வைத்தோம்.

பாதிக்கு மேல் வாலை வெட்டி எறிந்தாகிவிட்டது. அதனால் இழந்த தூரம் ஐந்து எட்டு. சார் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் மூன்று முறை நடந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "புஸ்தகத்துல இருக்கு மேஸ்திரி. சரியான சரிவுல கொண்டு வந்து சட்டுனு வெட்டிட்டா, காத்து கிட்டத்தட்ட முழு வால் இருக்கற மாதிரியே போகும்னு."

"தெரிஞ்சா முன்னாடியே வெட்டச் சொல்றதுதானே சார்?"

"முழுசா செஞ்சு பாத்துட்டு அப்புறம் வெட்டலாம்னு இருந்தேன்."

இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். வெட்டியதைப் பார்த்ததும் "காத்து குதிக்கும்" என்றவரும் அவர்தான். இல்லாத வாலை இருக்கிறது என்று காற்று எப்படி நினைத்துக்கொள்ளும் என்று கேட்டேன். அவர் விளக்கினார். இந்த முறை ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்பே எனக்கு விளங்காமல் போய்விட்டது.

பட்டான்செருவுக்கு மூன்று பேர் வேண்டும் அல்லவா? சார் ஓட்டினார், பேட்டரி நண்பர் பக்கத்தில், நான் பின்சீட்டில். இரண்டு கதவுக் கார் அது. பின்னால் இருப்பவன் இறங்க வேண்டுமானால் முன்னால் இருப்பவர் இறங்கிச் சீட்டை மடக்கிவிட வேண்டும். தொழிற்சாலை கேட்டில் கார் நின்றது. அவர்கள் இருவரும் இறங்கினார்கள். சீட்டை மடக்க யாருக்கும் நினைவு வரவில்லை.

முதலாளி நேராகப் பின்னால் போனார். பக்கக் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. வெட்டிய வாலைத் தட்டிப் பார்த்தார். "இதி எவரி ஐடியா?" என்று தெலுங்கில் கேட்டார். யாருடைய யோசனை என்று கேட்கிறார்! நான் கண்ணாடியைத் தட்டினேன். சார் என் பக்கம் பார்க்காமல், "மா டிசைன் சார்," என்றார். எங்கள் டிசைன். அந்த 'எங்கள்' என்பதில் நான் இருக்கிறேனா இல்லையா என்று திரும்புகிற வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். முதலாளி பெயரைப் படித்துவிட்டு, "ஈயன எவரு?" என்று, யார் இவர் என்று, கேட்டதும் என் காதில் விழுந்தது. "பாடி மேஸ்திரி," என்றார் சார்.

கார் ரிங் ரோட்டில் நிற்கவில்லை. ஹப்சிகுடாவில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே வந்து சேர்ந்தபோது பேட்டரி விளக்கு சிவப்புக்குப் போயிருந்தது, ஆனால் அணையவில்லை. பேசாத நண்பர்கூட விசில் அடித்தார்.

பதினைந்து நாள் கழித்துக் கார் என் பட்டறைக்கு வந்தது, கதவுப் பூட்டு சரிபார்க்க. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். என் பெயர் இருந்த இடத்தில், ஓரத்துக்கு ஓரம், அவர்கள் புதிதாகத் தொடங்கிய கம்பெனியின் பெயரில் ஒரு நீல ஸ்டிக்கர். நிழல் விட்ட எழுத்து ஸ்டிக்கருக்கு அடியில் லேசாக மேடு தட்டியது. விரலை வைத்துத் தடவினால் என் பெயரின் முதல் எழுத்து தெரிந்தது.

காரை ஓட்டி வந்த சாரிடம் கேட்டேன். "பேர் போட்டுக்கச் சொன்னீங்களே சார். பாயும் கேட்டாரு."

"போட்டேளே மேஸ்திரி. அடியில இருக்கு. கம்பெனி பேரைப் பின்னாடி ஒட்டணும்னு முதலாளி சொல்லிட்டார், நான் என்ன பண்றது?" பிறகு தான் எழுதியிருக்கும் ஒரு கட்டுரையைக் காட்டினார். சின்னக் கார்களின் உருவமும் காற்றும் பற்றியது. ஒரு பக்கம் முழுக்க வெட்டிய வாலின் படம். சிவப்புச் செங்கல்கூட இருந்தது. கடைசி வரியில் 'உள்ளூர்ப் பட்டறை ஒன்றுக்கு நன்றி' என்று இருந்ததைப் படித்துக் காட்டினார்.

"பட்டறையா சார் வெட்டுச்சு?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "மேஸ்திரி, நீங்க எதுக்கு வெட்டினேள்னு எனக்குத் தெரியும். பாய் சொல்லிட்டார். பேர் எழுத இடம் வேணும்னு வெட்டினேள். அதை எப்படிக் கண்டுபிடிப்புன்னு நான் எழுதறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பாயைப் பார்த்தேன். பாய் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு தரையைப் பார்த்தார். "மாஃப் கரோ உஸ்தாத். பெருமையாத்தான் சொன்னேன்."

அன்றிலிருந்து யோசிக்கிறேன். பேருக்காக வெட்டினேன் என்றால், நுனியில் இரண்டு சாண் நறுக்கியிருந்தாலே ஒரு சாண் பலகை கிடைத்திருக்கும். பாதிக்கு மேல் ஏன் வெட்டினேன்? ரிப்பன் நடுங்கிய கோட்டில் ஏன் வைத்தேன் கிரைண்டரை? அதே நேரம், பேர் எழுதுகிற ஆசை இல்லாதிருந்தால் கிரைண்டரைக் கையில் எடுத்தே இருப்பேனா? மாட்டேன். காற்றுக்கு என் ஆசை தெரியாது. அதற்கு வெட்டிய இடம் மட்டும்தான் தெரியும். இப்படி யோசித்துக்கொண்டே போனால் கடைசியில் யார் வெட்டியது என்பதே குழம்பிவிடுகிறது. அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கிரைண்டர் என் கையில் இருந்தது. ரிப்பன் முன்னால் வருவதை முதலில் பார்த்தவன் நான். சார் சென்னையில் இருந்தார்.

சாருடைய பங்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சரிவு அவருடையது. அவர் படம் போடாவிட்டால் நான் இன்னமும் மூக்கைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் புத்தகத்தில் படித்து வைத்திருந்த வெட்டு, நாச்சாரத்தில் ஒருவன் வெட்டுகிற வரைக்கும் புத்தகத்திலேயேதான் இருந்தது.

ஆகவே நான் கேட்பது இது. அந்தக் கட்டுரையில் 'உள்ளூர்ப் பட்டறை' என்பதை அடித்துவிட்டு, வாலை வளைத்தவனும் அதை இந்த இடத்தில் வெட்டியவனும் இன்னார் என்று என் பெயரை முழுதாக எழுத வேண்டும். எதற்காக வெட்டினான் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளட்டும், எனக்கு வெட்கமில்லை. கம்பெனி ஸ்டிக்கர் காரின் பக்கத்துக்குப் போக வேண்டும்; பக்கம் முதலாளிக்கு, அதில் நான் வாய் திறக்கமாட்டேன். பின்பக்கத்தில் அந்த ஒரு சாண் என்னுடையது. என் பெயர் எப்படி எழுதுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், பாய் நிழல் விட்டு எழுதியது அங்கேயே இருக்கிறது.